கழுத்துமட்டும் சுடுதண்ணீர்

எங்கள் வீட்டில் சுடுதண்ணீர் பன்னிரண்டு நிமிடம் வரும். பதின்மூன்றாவது நிமிடம் பச்சைத்தண்ணீர். பலெர்மோவில், கபோ சந்தைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருபத்தாறு வருடமாக இருக்கிறோம். கக்கூசுக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைப் பீப்பா தொங்குகிறது. அதுதான் தண்ணீரைச் சூடாக்குவது. வீட்டுக்காரன் அதை மாற்றித் தருகிறேன், மாற்றித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனான். இப்போது அவனுடைய மகன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

முதலில் குளிப்பது மகள். பள்ளிக்கூடம் போக நேரமாகிவிடும் என்று தொடங்கியது, பிறகு வேலைக்கு நேரமாகிவிடும் என்று ஆனது. அடுத்தது நான். என் மனுசி கடைசி. அவளும் வேலைக்குப் போனவள்தான். ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் சமைத்து, துடைத்து, அந்த அம்மாவுக்குத் தலைவாரி விட்டு இருபத்தெட்டு வருடம் இருந்தவள். ஆனாலும் கடைசி. பலெர்மோவில் அப்படியொன்றும் குளிர் இல்லை என்று வெளியாட்கள் சொல்வார்கள். தை மாதத்தில் எங்கள் கல்வீட்டுக்குள் வந்து ஒரு இரவு படுத்துப் பார்த்தால் தெரியும். "உமக்குச் சூடு வந்ததோ?" என்று நான் கேட்பேன். "வந்தது, வந்தது" என்பாள். இருபத்தாறு வருடமும் வந்தது, வந்தது. நான் நம்பினேனா, அல்லது நம்புவது வசதியாக இருந்ததா?

மூன்று வருடத்துக்கு முன்பு அவளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. ஒரு பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து வரும்போது அவளைக் குளிர் பிடித்தது. பற்கள் கிடுகிடுவென்று அடித்தன. தாதி மூன்று போர்வை கொண்டுவந்து போட்டும் நிற்கவில்லை. அப்போது கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். ஒருக்கா, ஒரேயொருக்கா, கழுத்துமட்டும் சுடுதண்ணியிலை இருக்கவேணும்."

சொன்னதை அவள் மறந்துவிட்டாள். மயக்கத்தில் சொன்னது எப்படி நினைவிருக்கும்? நான் மறக்கவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்து பீப்பாவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்ற மகள்தான் அதை மனதில் போட்டு வைத்திருந்தாள். அவள் இங்கே பிறந்து, இங்கே படித்து, ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறாள். ஒன்றை நினைத்தால் விடமாட்டாள். அது தாயின் குணம்.

பலெர்மோ இருக்கிற சிசிலித் தீவிலேயே நிலத்துக்குள்ளிருந்து சுடுதண்ணீர் வருகிற இடங்கள் உண்டு. ஆனால் அங்கே ஆணும் பெண்ணும் நீச்சல் உடுப்போடு ஒன்றாக இறங்குவார்கள். மனுசி அந்த உடுப்பைக் கையால் தொட்டதே சிஞ்ஞோராவின் உடுப்பைத் தோய்க்கும்போதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் எடுத்து ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போவோம். எங்கள் சனம் நிறையப் பேர் வரும். பிள்ளைகள் கடலில் குதிப்பார்கள், ஆண்கள் சாரத்தோடு இறங்குவோம். இவள் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு அதில் இருப்பாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் நிறைந்த சட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு காலையும் தண்ணீரில் விடுவாள். கணுக்கால் வரைக்கும்தான். இத்தனை வருடம் கடலோரம் இருந்தும் கணுக்காலுக்கு மேலே கடல் அவளைத் தொட்டதில்லை.

ஒருநாள் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். யப்பானில் மலைமேல் ஒரு பழைய விடுதி. அறைக்குள்ளேயே மரத்தால் செய்த பெரிய தொட்டி, அதிலிருந்து ஆவி எழும்புகிறது, ஜன்னலுக்கு வெளியே சிவந்த மரங்கள்.

"பாருங்கோ அம்மா. இது எங்கடை அறைக்குள்ளையே இருக்கு. ஒருத்தரும் வரமாட்டினம். கதவைப் பூட்டிப்போட்டு நீங்கள் தனிய இருக்கலாம்."

"தனியவோ?"

"தனிய."

மனுசி போனை வாங்கி, அந்தப் படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "ஆழம் காணுமோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு பயணம் முடிவாகிவிட்டது.

எனக்கும் அவளுக்கும் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான். இத்தாலியில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இருக்கிறது, அதற்காகக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் விடியற்புறம் நின்ற கதைகளை எழுதினால் அது தனிப் புத்தகம். யப்பானுக்கு விசா எடுக்க ரோமுக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த மனிதர், என்ன காரணத்துக்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். மகள் சட்டென்று, "அம்மா குளிக்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. நல்ல காரணம் என்பது போலத் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். ஒரு கந்தோரில் இவ்வளவு உண்மையான பதிலை எங்கள் வீட்டார் முன்பு சொன்னதே இல்லை.

யப்பானில் ரயிலில் போய், பிறகு சின்ன பஸ் ஒன்றில் மலை ஏறினோம். இறங்கியதும் முதலில் வந்தது மணம்.

"ஆரோ முட்டையை அவிச்சுப்போட்டு மறந்துபோச்சினம்" என்றாள் மனுசி.

"அதுதான் அம்மா ஊற்றுத் தண்ணியின்ரை மணம். கந்தகம்."

"இதுக்குள்ளையோ இருக்கப்போறன்? பிறகு நான் மணக்கிறதை எந்தத் தண்ணியிலை கழுவிறது?"

ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

விடுதி இரண்டு தட்டு மரவீடு. கறுத்துப்போன மரம், ஆனால் துடைத்துத் துடைத்துக் கறுத்த மரம். வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று சோடியும் வெளியே போகிற பக்கம் மூக்கைத் திருப்பி, ஒரே கோட்டில் நின்றன. யார் திருப்பினது, எப்போது திருப்பினது என்று தெரியாது. நான் சொல்லவேண்டும், நான் பலெர்மோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் முப்பத்தொரு வருடம் அறை துப்புரவாக்கினவன். பதினான்கு அறை. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் வேறு இடங்களுக்குத்தான் போகும். அறைக்குள் நுழைந்ததும் கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். தூசி இல்லை. அலுமாரியின் பின்பக்கம், இல்லை. ஜன்னல் ஓடுகிற தண்டவாளத்தின் மூலை, அங்கே எல்லோரும் தோற்றுப்போவார்கள், நானும் தோற்றிருக்கிறேன். அங்கேயும் இல்லை. யாரோ தீக்குச்சியில் துணி சுற்றித் துடைத்திருக்கவேண்டும். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகள் மலையைப் பார்த்து ஆஹா என்றாள். நான் அந்த மூலையைப் பார்த்து ஆஹா என்றேன்.

எங்கள் அறையைக் கவனிக்கிற அம்மா வந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். சின்ன உடம்பு, சாம்பல் நிறத்தில் அந்த நாட்டு உடுப்பு. கதவுக்கு வெளியே முழங்காலில் இருந்து, கதவை இரண்டு தரமாகத் தள்ளித் திறந்து, உள்ளே வந்து, மறுபடி முழங்காலில் இருந்து மூடினார். அவசரப்பட்டதாகவும் தெரியவில்லை, நேரம் எடுத்ததாகவும் தெரியவில்லை. தேத்தண்ணீரோடு ஒரு தட்டில் வெட்டின பழம் வைத்தார். மனுசி பார்த்துவிட்டு, "இது காக்கி எல்லோ!" என்றாள். கபோவில் ஐப்பசி மாதம் பெட்டி பெட்டியாக வருகிற பழம், இத்தாலியர் காக்கி என்பார்கள். அந்த அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்து, "காக்கி! காக்கி!" என்று கை தட்டினார். அங்கேயும் அதற்கு அதுதான் பேர். இரண்டு பேரும் பழத்தைக் காட்டிக் காட்டி நாலைந்து தரம் அந்த ஒரு சொல்லையே பேசிக்கொண்டார்கள். ஒரு சொல்லோடு இவ்வளவு கதைக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த அம்மா போன பிறகு மனுசி எழும்பினாள். "எங்கை அந்தத் தொட்டி?"

அறையில் இருந்த கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஒன்று அலுமாரி. ஒன்று கக்கூசு. ஒன்றில் முகம் கழுவுகிற இடம். தொட்டி இல்லை. மகள் போனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், திரும்பப் போனைப் பார்த்தாள். கீழே ஓடிப்போய் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. படத்திலிருந்த தொட்டி மூலை அறை ஒன்றுக்கு மட்டும்தானாம். அதில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பதியும்போது மகள்தான் போனில் பிழையான அறையை அமத்தியிருக்கிறாள். மற்ற எல்லோருக்கும் கீழே பொதுத் தொட்டி. பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம்.

"பொம்பிளையளுக்குத் தனிப் பக்கம்தானே" என்றேன் நான்.

"ஓம் அப்பா. ஆனால்..." மகள் தாயைப் பார்க்காமல் சொன்னாள். "உடுப்பு ஒண்டும் போடக்கூடாதாம். ஒரு துணியும் தண்ணிக்குள்ளை வரக்கூடாதாம்."

"குறுக்குக்கட்டோடை இறங்கலாமோ எண்டு கேள், பிள்ளை."

"கேட்டனான் அம்மா. ஏலாதாம்."

எங்கள் பெண்கள் மார்புக்கு மேலே துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு குளிப்பார்கள். அதுதான் குறுக்குக்கட்டு. கிணற்றடியிலும் அப்படித்தான், பலெர்மோவில் பூட்டின குளியலறைக்குள்ளும் இவள் அப்படித்தான். கலியாணம் கட்டி நாற்பத்தொரு வருடம். அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எனக்கு முன்னாலும் உடுப்பு மாற்றுகிறதில்லை. அலுமாரிக் கதவைத் திறந்து அதற்குப் பின்னால் நின்று மாற்றுவாள். கதவுக்குக் கீழே கால் மட்டும் தெரியும்.

"நான் போகேல்லை" என்றாள்.

"அம்மா, இஞ்சை ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் பாக்கிறேல்லை. உண்மையா."

"அவையள் பாக்காட்டில் என்ன? நான் பாப்பனே. அங்கை கண்ணாடி இருக்கோ?"

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. மனுசி அவளுடைய தலையைத் தடவினாள். "விசர்ப் பிள்ளை. மணத்திலையே குளிச்ச மாதிரித்தான் இருக்கு. நீ போய்க் குளிச்சிட்டு வா. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. தனிய விட்டால் கோப்பை கழுவப் போயிடுவார்."

இரண்டு இரவு. அதற்குள் அவள் இறங்கவேண்டும், அல்லது அந்த மணத்தோடு மட்டும் திரும்பவேண்டும்.

நான் போனேன். வாழ்நாளில் துண்டில்லாமல் குளித்தவன் இல்லை. அரைநாண் கயிறு கட்டியிருக்கிறவனை அம்மணம் என்று சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். தொட்டிக்குள் போவதற்கு முன்னமே உடம்பைக் கழுவவேண்டும். சின்னச் சின்ன முக்காலி, சின்ன மர வாளி. பக்கத்தில் ஒரு யப்பான் கிழவர் கழுவிக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால், கால்விரல் இடுக்கு, முழங்கைத் தோல். கபோவில் மீன்காரர் கடை பூட்டுகிற நேரம் தன் சலவைக் கல்லைக் கழுவுவாரே, இனி இதில் மீனே வைக்கப்போவதில்லை என்பது போல, அப்படி. அவரைப் பார்த்துப் பார்த்து நானும் கழுவினேன். பிறகு இறங்கினேன். "ஐயோ" என்று கத்திவிட்டேன். கிழவர் என்னைப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து, சூடு நேரே விழாத இடத்தைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் என்ன நடந்ததென்று எப்படிச் சொல்வது? முப்பத்தொரு வருடம் குனிந்து நிமிர்ந்த முதுகு, கட்டியிருந்த பொட்டலத்தை யாரோ அவிழ்த்தது போல அவிழ்ந்தது. கண்ணை மூடினேன். மூடினதும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் தெரிந்தது. கேட்டது அவள். கிடைத்தது எனக்கு. எழும்பி வந்துவிட்டேன்.

அறையில் அவள் ஜன்னலடியில் இருந்தாள். கீழே குளிக்கிற இடத்தின் கூரையிலிருந்து எழும்பும் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி?"

"சும்மா தண்ணிதான்."

"பொய்."

"கொஞ்சம் சூடு கூட."

"உங்கடை முகம் எண்ணெய் பூசின விக்கிரகம் மாதிரிப் பளபளக்குது. சும்மா தண்ணிக்கோ இந்த வடிவு?"

இரவுச் சாப்பாடு சின்னச் சின்னக் கோப்பைகளில் வந்தது. ஒரு இலை, அதன்மேல் ஒரு துண்டு மீன். ஒரு மூடி, அதைத் திறந்தால் மூன்று காளான். அழகு என்றால் அப்படி அழகு, தொட மனம் வரவில்லை. மனுசி சாப்பிடாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். "ஒரு ஆளுக்குப் பத்தொன்பது கோப்பை. இதை ஆர் கழுவிறது?" என்றாள். சாப்பிட்டு முடிந்து வரும்போது அறையில் பாய்மேல் மூன்று மெத்தை விரித்திருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கு இல்லை. நான் குனிந்து மூலையைத் தூக்கி எப்படி மடித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பார்த்துப் பழகிவிட்டேன்.

இனிமேல்தான் நான் செய்த பிழை.

எனக்கு நாலரைக்கு விழிப்பு வந்துவிடும், அது வேலை தந்த வியாதி. மனுசிக்கும் அதே வியாதி. ஆறு மணிக்கு மகள் குளிக்கப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் விரித்த படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவள் மற்றப் பக்கம் பிடித்தாள். மெத்தையை மூன்றாக மடித்து அலுமாரிக்குள் வைத்தோம். விரிப்புகளை உருவி, தலையணை உறைகளை ஒரு உறைக்குள் திணித்து, துவாய்களைத் தனியாக மடித்து, எல்லாவற்றையும் ஒரு விரிப்பில் போட்டு நாலு மூலையையும் முடிச்சுப் போட்டுக் கதவடியில் வைத்தேன். சலவைக்குப் போகிற பொட்டலம். பலெர்மோவில் தினமும் பதினான்கு கட்டினவன். மனுசி தன் பையிலிருந்து துணியை எடுத்து முகம் கழுவுகிற இடத்தையும் கக்கூசையும் முடித்தாள். பைகளை ஒழுங்காக அடுக்கினோம். இருபது நிமிடம். ஆறுதலாக இருந்தது, வந்து இறங்கினதிலிருந்து அப்போதுதான்.

அந்த அம்மா காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தார். முழங்காலில் இருந்து கதவைத் திறந்தார். வெறும் பாய், கதவடியில் பொட்டலம், வரிசையாகப் பைகள். அவருடைய முகம் மாறிவிட்டது. நெற்றி நிலத்தில் படக் குனிந்தார், எழும்பினார், போய்விட்டார். திரும்பி வரும்போது விடுதியின் முதலாளி அம்மாவும் கூட வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து குனிந்தார்கள். நாங்களும் என்ன ஏது என்று தெரியாமல் குனிந்தோம். அந்த நேரம் ஈரத் தலையோடு மகள் வந்தாள். முதலாளி அம்மா போனுக்குள் ஏதோ சொன்னார். போன் அதை இத்தாலிய மொழியில் சொன்னது. விடுதியில் என்ன குறை, ஏன் ஒரு நாள் முந்திப் புறப்படுகிறீர்கள் என்று.

மகள் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா! என்ன செய்தனியள்?"

"ஒண்டும் செய்யேல்லை. படுக்கையை எடுத்து வைச்சனான்."

"பஸ்தா அப்பா, போதும்! முப்பத்தொரு வருஷம் காணாதோ? இஞ்சை நீங்கள் விருந்தாளி!"

"அவரை ஏன் பேசிறாய்?" என்றாள் மனுசி. "கக்கூசு கழுவினது நான்."

மகள் அப்படியே பாயில் இருந்துவிட்டாள். பிறகு போனில் மெல்ல மெல்ல விளக்கினாள், அப்பாவுக்கு இதுதான் தொழில், அம்மாவுக்கும் இதுதான், சும்மா இருக்கத் தெரியாது, மன்னிக்கவேண்டும் என்று. முதலாளி அம்மா கேட்டு, வாயைக் கையால் மூடிச் சிரித்து, நன்றி சொல்லிப் போனார். மகள் சாப்பாட்டு அறைக்கு எங்களுக்காக இன்னொரு தரம் மன்னிப்புக் கேட்கப் போனாள்.

அறையைக் கவனிக்கிற அம்மா போகவில்லை. பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருந்தார். முடிச்சின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். ஒரே இழுவையில் நாலும் அவிழ்ந்தது. அது அப்படித்தான் அவிழவேண்டும், சலவைக்காரர் இரண்டு கையாலும் மினக்கெடக்கூடாது. அவர் உள்ளே பிரித்து வைத்திருந்ததைப் பார்த்தார். பிறகு என்னைப் போலவே தானும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார், அவிழ்த்துப் பார்த்தார். என்னைப் பார்த்துத் தலையைச் சின்னதாக ஒரு தரம் ஆட்டினார். அது விருந்தாளிக்குப் போடுகிற கும்பிடு இல்லை. அடுத்த நேர வேலைக்கு வந்தவர் முடித்துவிட்டுப் போகிறவருக்கு ஆட்டுகிற தலை. எனக்கு அது போதும்.

மனுசி அவருடைய கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் நுனியெல்லாம் வெடித்து, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. தன் கையை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே கைதான். பையைத் திறந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். நாங்கள் எங்கே போனாலும் அது வரும். அந்த அம்மாவின் விரல்களுக்கு ஒவ்வொன்றாகப் பூசிவிட்டாள். அவர் கையை இழுக்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, மணந்து பார்த்துக்கொண்டு இருந்தார்.

விடுதி வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பகலில் ஒரு நேரம் இருக்கிறது. விருந்தாளிகள் வெளியே போய்விடுவார்கள், புது ஆட்கள் இன்னும் வந்திருக்கமாட்டார்கள். அந்த நேரம் வீடு எங்களுடையது. பதினோரு மணியிலிருந்து இரண்டு மணிவரை பதினான்கு அறைக்கும் நானே சொந்தக்காரன். ஏழாம் இலக்க அறையில் கடல் தெரிகிற நாற்காலி ஒன்று இருந்தது, அதில் இருந்துதான் என் பாணைச் சாப்பிடுவேன். மனுசியும் அப்படித்தான். சிஞ்ஞோரா தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனதும் பெரிய அறைக் கதிரையில் ஏறிக் காலை மடக்கிக்கொண்டு இருப்பாளாம்.

பத்து மணிக்கு மகளை மனுசியே ஊர் பார்க்க அனுப்பிவிட்டாள். "நாங்கள் ஆறுதலா இருக்கிறம். நீ போய்ப் படம் எடு." கொஞ்சத்தில் நடையில் வாளிச் சத்தம் கேட்டது. அந்த அம்மா உடுப்பின் கையை நாடாவால் கட்டிக்கொண்டு, வாளியும் தூரிகைகளுமாகக் கீழே போய்க்கொண்டிருந்தார். மனுசி எழும்பினாள்.

"நானும் வாறன்" என்றாள், தமிழில்தான்.

அந்த அம்மா இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். கூடாது, கூடாது. மனுசி வாளியின் காதைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. அந்த அம்மா நடையின் இரண்டு பக்கமும் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. விரலை உதட்டில் வைத்தார்.

"நீங்களும் வாங்கோ" என்றாள் என்னை. "இந்த நேரம் ஒருத்தரும் வராயினம். வேலை நேரம்."

அவள் எதற்காகப் போகிறாள் என்று அப்போது எனக்கு விளங்கியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் திரும்பியிருப்பாள்.

குளிக்கிற இடத்து வாசலில் ஒரு பலகையைத் தொங்கவிட்டார், பூட்டு என்று அர்த்தமாக்கும். எனக்கு ஒரு தூரிகையைத் தந்து ஆண்கள் பக்கத்தைக் காட்டினார். தண்ணீரை வெளியே திறந்து விட்டு, தொட்டி வெறுமையானதும் எப்படித் தேய்ப்பது என்று செய்து காட்டினார். மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாக மட்டும். மருந்து ஒன்றும் இல்லை. நாங்கள் பலெர்மோவில் எல்லாவற்றுக்கும் வரெக்கீனா ஊற்றுவோம், கண் எரியும், மூக்கு எரியும், துப்புரவு என்றால் எரியவேண்டும் என்றே நினைத்திருந்தேன். இங்கே தூரிகை, சுடுதண்ணீர், கை. அவ்வளவுதான். அப்படியிருந்தும் அந்த மரம் பால் போல இருந்தது. இத்தனை வருடம் இந்த வேலையைச் செய்தவன், இப்படியும் செய்யலாம் என்று எழுபது வயதில் பார்த்தேன்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மரச்சுவர். மேலே கூரைக்குக் கீழே திறந்திருக்கும். அந்தப் பக்கம் இரண்டு தூரிகை ஓடுகிற சத்தம் கேட்டது. ஒன்று நீளமாக, ஒன்று குறுக்காக. கொஞ்சத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஓடின. ஒரு முறை இருவரும் சிரித்தார்கள். பிறகு தூரிகைகள் நின்றன. மூங்கில் குழாயைத் திறந்துவிட்ட சத்தம், புதுத் தண்ணீர் விழுகிற சத்தம். தொட்டி நிறைய வெகுநேரம் எடுத்தது. நான் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவு ஒன்று இழுத்து மூடப்பட்டது. அந்த அம்மா, தண்ணீரைக் கையால் காட்டிவிட்டு, வெளியே போய்க் கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாராம். போகும்போது கண்ணாடியின்மேல் ஒரு துவாயைப் போட்டுவிட்டுப் போனாராம். அது மனுசி பிறகு சொன்னது.

ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் விழுவது மட்டும். நான் தூரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் தொட்டிக்குள் நின்றேன். பிறகு தண்ணீர் விளிம்பு தாண்டித் தரையில் வழிகிற சத்தம். ஒரு ஆள் உள்ளே இறங்கினால்தான் அப்படி வழியும்.

"இஞ்சாருங்கோ!"

"என்ன?"

"தண்ணி கழுத்துமட்டும் நிக்குது."

"சூடு காணுமோ?" என்றேன்.

"காணும்." கொஞ்சம் பொறுத்து, "காணும், காணும்" என்றாள். அது வந்தது, வந்தது என்று சொல்கிற குரல் இல்லை.

நான் தொட்டியின் விளிம்பில் இருந்தேன். சுவருக்கு மேலால் ஆவி என் பக்கம் வந்தது. திரும்பவும் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை பக்கம் மூலையைத் தேய்ச்சனியளோ? பாசி மூலையிலைதான் நிக்கும்."

"தேய்ச்சனான்."

"திரும்பவும் தேயுங்கோ. எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேணும்."

தேய்த்தேன்.

மகள் மத்தியானம் திரும்பி வந்தாள். அம்மா தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "என்ன செய்தனியள் ரெண்டு பேரும்?" "குளிக்கிற இடத்தைக் கழுவினனாங்கள்" என்றாள் மனுசி. மகள் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு தாயின் விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருந்தது. தலைமயிர் கழுத்தில் ஒட்டியிருந்தது. கத்தவில்லை. போய்த் தாய்க்குப் பின்னால் இருந்து, ஒரு துவாயை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினாள். அடுத்த நாள் காலையும், நாங்கள் புறப்படுவதற்கு முன்னம், நடையில் வாளிச் சத்தம் கேட்டது. இந்த முறை யாரும் வாளியின் காதைப் பிடித்து இழுக்கவேண்டி இருக்கவில்லை. வாளிக்குள் தூரிகை மூன்று இருந்தது.

பஸ் வளைவில் திரும்பும்வரை அந்த அம்மா வாசலில் குனிந்தபடி நின்றார். தேங்காய் எண்ணெய்ப் போத்தல் அவரிடம்தான் இருக்கிறது.

பலெர்மோவுக்கு வந்த அடுத்த நாள் காலை நான் குளியலறைக் கதவில் நின்று, "நீர் முதல்லை போம்" என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, போனாள். அப்போதிருந்து அவள் முதல், மகள் இரண்டாவது, நான் கடைசி. பச்சைத்தண்ணீர் எலும்பில் போய்க் குத்துகிறது. இருபத்தாறு வருடம் எப்படித் தாங்கினாள் என்று தினமும் ஒரு தரம் நினைக்கிறேன். வெளியே வரும்போது, "உங்களுக்குச் சூடு வந்ததோ?" என்று கேட்பாள். "வந்தது, வந்தது" என்பேன்.

ஆனால் அவள் என்னைப் போல நம்புகிற ஆள் இல்லை. போன கிழமை வீட்டுக்காரனின் மகனுக்குத் தானே போன் எடுத்து, வுச்சீரியா சந்தையில் மீன் விற்கிறவள் தோற்றுப்போகிற மாதிரிச் சத்தம் போட்டாள். புதுப் பீப்பா புதன்கிழமை வருகிறதாம்.